ஜன்னல் பக்கத்து டப்பா

மாலை மணி ஏழு இருபது. எண்பது குழந்தைகளும் அவர்களைக் கூட்டிவந்த பெரியவர்களும் அண்ணாந்து பார்த்துக் கழுத்து வலித்து நின்ற நேரத்தில், பல் டாக்டர் பள்ளிக்கூடத்துச் சோதனைக்கூடத்திலிருந்து ஒரு தகர டப்பாவை மார்போடு அணைத்துக்கொண்டு மைதானத்துக்கு வந்தார். கையில் இரண்டு டப்பா இருந்திருக்க வேண்டும். ஒன்றுதான் இருந்தது.

“அவங்க கண்ணாடியைக் காணோம். என்னுது மட்டும்தான் இருக்கு” என்றார்.

‘அவங்க’ என்று அவர் சொன்னது பேக்கரிக்காரியை. கேக் மேசைக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்த அவள், கையிலிருந்த தட்டை அப்படியே கீழே வைத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். மூன்று வருஷம் ராப்பகலாகத் தேய்த்த கண்ணாடி அது. எட்டு அங்குல வட்டக் கண்ணாடியை அரைக்கிற பொடியும் தண்ணீரும் விட்டுக் கையாலேயே தேய்த்துத் தேய்த்துக் குழிவாக்கி, தொலைநோக்கியின் அடியில் வைப்பார்கள். அது இல்லாவிட்டால் தொலைநோக்கி வெறும் குழாய்தான்.

“பரவாயில்ல, மனசைத் தளரவிடாதீங்க. குழந்தைங்க என் டெலஸ்கோப்ல பார்க்கட்டும்” என்று டாக்டர் ஆறுதல் சொன்னார்.

கொஞ்சம் தள்ளி பெஞ்சில் உட்கார்ந்திருந்த டாக்டரின் மனைவிக்கு வயிறு எரிந்தது.

அவளை எல்லோரும் கலர் மேடம் என்றுதான் கூப்பிடுவார்கள். ஆயத்த ஆடை ஆலையில் துணியின் நிறம் பார்ப்பது அவள் வேலை. வந்த துணியை மூன்று விதமான விளக்குகளின் கீழே மாற்றி மாற்றி வைத்து, பகலில் பொருந்துகிற நிறம் கடை வெளிச்சத்தில் பல்லிளிக்கிறதா என்று கண்டுபிடிப்பாள். கணவர் நடத்துகிற நட்சத்திரச் சங்கத்தின் பக்கம் அவள் எட்டிப் பார்த்ததே இல்லை. அன்றைக்கு வந்தது வானத்தைப் பார்க்க அல்ல, பேக்கரிக்காரியைப் பார்க்க.

மூன்று வருஷத்துக்கு முன்பு பல் பிடுங்கிக்கொள்ள வந்தவள் பேக்கரிக்காரி. பல் போனது, ஆள் போகவில்லை. டாக்டர் கண்ணாடி தேய்க்கக் கற்றுக்கொடுத்தார், அவளும் கற்றுக்கொண்டாள். அதுவரை கூடப் பொறுத்துக்கொள்ளலாம். ஆறு மாதமாக மனிதருக்குத் தூக்கமே இல்லை. சாப்பிடும்போது கை தட்டிலும் கண் சுவரிலுமாக இருப்பார். திடீரென்று, “அவ கையில அப்படி ஒரு நிதானம்” என்பார். ஒரு நாள் விடியற்காலை ஐந்து மணிக்கு மொட்டை மாடியில் தனியாக நின்றுகொண்டிருந்தார். எந்த நேரத்தில் பேக்கரியில் அடுப்பு மூட்டுவார்கள் என்பது கலர் மேடத்துக்கும் தெரியும். பேக்கரிக்காரி அவரை ‘டாக்டர் சார்’ என்பாள். ஒரு ‘அண்ணா’ போட்டிருந்தால் கலர் மேடத்துக்குப் பாதி நிம்மதி வந்திருக்கும். அந்த ஒரு வார்த்தைக்காக அவள் மூன்று வருஷமாகக் காது கொடுத்துக் காத்திருந்தாள்.

அதனால் அன்று ஆறு நாற்பதுக்கு விளக்குகளை அணைத்த நேரத்திலிருந்து அவள் கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு கேக் மேசையையே பார்த்துக்கொண்டிருந்தாள். எத்தனை குழந்தைகளுக்குக் கேக் போனது, எத்தனை தடவை அந்த முந்தானையைச் செருகிக்கொண்டாள் என்பதெல்லாம் அத்துப்படி.

ஏழு பத்துக்குக் கணவர் இருட்டிலிருந்து வந்து பக்கத்தில் உட்கார்ந்து காலை உதறினார். மடித்துவிட்டிருந்த பேண்ட் விளிம்பிலிருந்து மணல் அவள் பாதத்தின்மேல் கொட்டியது. மைதானம் முழுக்கப் புல். மணல் இருப்பது கட்டிடத்துக்குப் பின்னால், நீளம் தாண்டுகிற குழியில் மட்டும். ஆள் நடமாட்டம் இல்லாத இடம். அங்கே இவருக்கு என்ன வேலை, யாரோடு வேலை? கேட்கவில்லை. கேட்டால் பொய் வரும், பொய்யைக் கேட்கிற தெம்பு அன்று அவளிடம் இல்லை.

இப்போது கண்ணாடி போனது என்றதும் அவர் வாயில் வந்த முதல் வார்த்தையும் அவளைப் பற்றித்தான்.

டப்பாவை மேசைமேல் வைத்து ரிப்பனை அவிழ்த்தார்கள். யாரும் விளக்குப் போடவில்லை. நட்சத்திரக்காரர்கள் கூட்டத்தில் வெள்ளை வெளிச்சம் காட்டுவது கோயிலுக்குள் செருப்போடு போவதைப் போல. ஒரு தரம் கண் கூசிவிட்டால் மங்கலான நட்சத்திரம் தெரிய இருபது நிமிஷம் ஆகும். அதனால் அவர்களுடைய டார்ச்சில் எல்லாம் சிவப்புத் தாள் ஒட்டியிருக்கும். அன்று மாலை ஒரு அப்பா தெரியாமல் செல்போன் விளக்கைப் போட்டுவிட, எண்பது குழந்தைகளும் ‘லைட்டை அணைங்க’ என்று ஒரே குரலில் கத்தி அவர் மானத்தை வாங்கிவிட்டார்கள்.

பேக்கரிக்காரி கண்ணாடியைத் தூக்கி, சிவப்பு டார்ச்சில் விளிம்பைப் பார்த்தாள். முடித்த நாளின் தேதியை அவரவர் விளிம்பில் கீறி வைப்பது அவர்கள் வழக்கம்.

“சார், இது என்னுது” என்றாள்.

டாக்டர் பேயறைந்த மாதிரி நின்றார். கையிலிருந்த டார்ச் கீழே விழுந்து உருண்டது. அதை எடுக்கக்கூட அவர் குனியவில்லை.

ஆக, காணாமல் போனது டாக்டரின் கண்ணாடி. தலைமையாசிரியை முகத்தில் ஈயாடவில்லை. பள்ளியின் மொட்டை மாடியில் வானம் பார்க்க ஓர் அறை கட்டி, அதில் நிரந்தரமாக ஒரு தொலைநோக்கி வைக்கப்போகிறார்கள். டாக்டருடையதா, பேக்கரிக்காரியுடையதா என்பதைக் குழந்தைகள் இரண்டிலும் பார்த்துவிட்டு அன்று சொல்வதாக ஏற்பாடு. அப்படிப்பட்ட நாளில் தன் பள்ளிக்கூடத்திலேயே களவு.

தலைமையாசிரியை நேராகக் காவலாளியிடம் போனார். சோதனைக்கூடத்துச் சாவி அவரிடம்தான் இருந்தது. திறந்ததும் அவர்தான். டப்பாக்களைத் தொட்டாயா என்றதற்கு, தொட்டேன் என்று உள்ளதைச் சொல்லிவிட்டார் மனிதர். அது போதுமாக இருந்தது. காலையில் சாவியை ஒப்படைத்துவிட்டு அறையைக் காலி பண்ணச் சொன்னார் தலைமையாசிரியை. பள்ளிக்குப் பின்னால் இருந்த அந்த ஒற்றை அறைதான் காவலாளிக்கும் மனைவிக்கும் மூன்று பெண்களுக்கும் வீடு. அவர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

மணி ஏழு முப்பத்தைந்து. கலர் மேடம் பெஞ்சிலிருந்து எழுந்தாள்.

“எனக்கு அரை மணி நேரம் குடுங்க, மேடம். அப்புறம் யாரை வேணும்னாலும் அனுப்புங்க.”

உள்ளதைச் சொல்வதானால், காவலாளிமேல் பொங்கிய இரக்கம் கால் பங்குதான். இது பேக்கரிக்காரியின் வேலையாக இருக்க வேண்டும் என்ற ஆசை முக்கால் பங்கு. போட்டிக்காரரின் கண்ணாடி போனால் யாருக்கு லாபம்? கையும் களவுமாகப் பிடித்து, கணவர் கண் முன்னால் நிறுத்திவிட வேண்டும்.

முதலில் காவலாளி.

“டப்பாவை ஏன் தொட்டீங்க?”

“எறும்பு, மேடம். மேசைமேல வரிசையா போச்சு. கேக் டப்பான்னு நினைச்சேன்.”

“எத்தனை மணிக்கு?”

“ஆறரை இருக்கும். ஸ்டூல் எடுக்கப் போனேன். ரெண்டையும் தூக்கிக் கீழ வச்சு, மேசையைத் துடைச்சு, திரும்ப மேல வச்சேன்.”

“எது எந்தப் பக்கம் இருந்துச்சோ அதே மாதிரியா?”

காவலாளி யோசித்தார். மாலையில் டாக்டர் கொண்டுவந்து வைத்தபடி நீள மேசையில் ஒன்று ஜன்னல் பக்கம், ஒன்று வாசல் பக்கம். இரண்டும் பேக்கரியிலிருந்து வந்த ஒரே அளவு வட்டத் தகர டப்பா. டாக்டருடையதில் சிவப்பு ரிப்பன், பேக்கரிக்காரியுடையதில் வெள்ளை. எது எங்கே இருந்தது என்று அவர் கவனிக்கவில்லை, கவனிக்க வேண்டும் என்று அவருக்குத் தெரியவும் தெரியாது. கதவை மட்டும் திறந்தே விட்டுவிட்டார், குழந்தைகளுக்கு இன்னும் ஸ்டூல் வேண்டியிருக்குமே என்று.

அடுத்து ஸ்டூடியோக்காரர். கல்யாணப் போட்டோ எடுத்துப் பிழைத்து, நட்சத்திரப் போட்டோ எடுத்து அந்தப் பிழைப்பைக் கெடுத்துக்கொள்கிறவர். கட்டிடத்துக்கு மேலே நட்சத்திரங்கள் நகர்வதைக் கோடு கோடாகப் பிடிக்க, ஆறு ஐம்பதிலிருந்து ஏழேகால் வரை கேமராவைத் திறந்தே வைத்திருந்தார். காலுக்கடியில் குழந்தைகள் இடறிவிடக் கூடாதென்று தன் சிவப்பு டார்ச்சைக் கேமராவின் முக்காலியிலேயே கட்டிவிட்டு, பக்கத்திலேயே இருந்திருக்கிறார். அதற்கு இரண்டு வரிசைக் குழந்தைகள் சாட்சி.

படத்தைக் கேமராவின் சின்னத் திரையில் காட்டினார். கீழ் மூலையில் சோதனைக்கூடத்து ஜன்னல்கள். உள்ளே மெல்லிசாக ஒரு சிவப்புக் கோடு. வாசலில் தொடங்கி, எங்கேயும் தயங்காமல் மேசையின் ஜன்னல் பக்க முனைவரை வந்து, திரும்பிப் போயிருந்தது. வெள்ளை வெளிச்சம் ஒரு பொட்டுக்கூட இல்லை.

“சிவப்பு டார்ச் மொத்தம் எத்தனை?”

“நாலு. என்னுது இங்க. ஒண்ணு தலைமையாசிரியைக்குக் குடுத்தோம். பேக்கரி ஒண்ணு, டாக்டர் ஒண்ணு.”

தலைமையாசிரியை மைக்கைப் பிடித்தால் விடமாட்டார். ஆறே முக்காலுக்கு ஆரம்பித்த பேச்சை ஏழேகாலுக்குத்தான் முடித்தார் என்பதற்கு எண்பது கொட்டாவிகள் சாட்சி.

கிளம்பும்போது ஸ்டூடியோக்காரர் கேட்காமலேயே ஒன்று சொன்னார். பாவம் டாக்டர், ஆறு மாதத்துக்கு முன்னால் சோதனை பார்த்த அன்றைக்கே மனிதர் சரியில்லை. இரண்டிலும் பார்த்துவிட்டு, பேக்கரிக்காரியின் கண்ணாடியில் நட்சத்திரம் ஊசிமுனை மாதிரி இருக்கிறது, டாக்டருடையதில் லேசாக வாலடிக்கிறது என்று இவர் விளையாட்டாகச் சொல்லிவிட்டாராம். கலர் மேடம் தலையை ஆட்டிவிட்டு நகர்ந்தாள். அவள் மனசு பேக்கரிக்காரியிடம் போய்விட்டிருந்தது.

பேக்கரிக்காரி தன் கண்ணாடியை மடியில் வைத்துக்கொண்டு, அதைப் பார்க்காமல் உட்கார்ந்திருந்தாள்.

“ஆறு ஐம்பதுல இருந்து ஏழேகால் வரைக்கும் எங்க இருந்தீங்க?”

“இங்கதான், மேடம். கேக் மேசையில.”

“நடுவுல எங்கயும் போகலையா? பின்பக்கம், மணல் குழிப் பக்கம்?”

“இல்லையே. ஏன், அங்க என்ன?”

கலர் மேடம் மேசைமேலிருந்த அவளுடைய சிவப்பு டார்ச்சை எடுத்துத் தாழ்த்தி அவள் செருப்பைப் பார்த்தாள். புல் நுனி ஒட்டியிருந்தது. மணல் இல்லை. பொய் சொல்கிறாள் என்று உலகத்திடம் சொல்ல வாய் துடித்தது. ஆனால் சொல்ல முடியாது. ஆறு நாற்பதிலிருந்து ஏழு இருபது வரை அந்த மேசையைவிட்டு அவள் ஓர் அடி நகரவில்லை என்பதற்கு உலகத்திலேயே அசைக்க முடியாத சாட்சி ஒருத்திதான். கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்த கலர் மேடமேதான்.

சரி, பேக்கரிக்காரி இங்கேயே இருந்தாள். அப்படியானால் மணல் குழிக்கு அவர் யாரோடு போனார்?

யாரோடும் போகவில்லை.

கலர் மேடம் கேக் மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். மாலை முழுக்கக் காவல் காத்தாள், பார்க்க வேண்டிய ஆளை மட்டும் பார்க்கவில்லை. பேக்கரிக்காரி எழுந்து தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். கலர் மேடம் அதை வாங்கிக் குடித்தாள்.

மணி ஏழு ஐம்பத்தைந்து. காவலாளியைக் கூட்டிக்கொண்டு அவள் பின்பக்கம் போனாள். மணல் குழியின் ஓரத்தில் ஓர் இடம் மட்டும் அதிகமாகத் தட்டி நிரவியிருந்தது. காவலாளி கையாலேயே தோண்டினார். முதலில் டப்பா, சிவப்பு ரிப்பனோடு, காலியாக. அதற்கும் கீழே கண்ணாடி, பளபளப்புப் பூச்சுப் பூசின முகம் மணலில் பதிய, குப்புற. தூக்கியபோது நறநறவென்றது.

“கிடைச்சிருச்சு, மேடம்” என்று காவலாளி அழுதுவிட்டார். இனி யார் எடுத்தால் என்ன, பொருள் கிடைத்துவிட்டதே என்று சொன்னார்.

அதையே தலைமையாசிரியையிடமும் சொல்லிவிடலாம். கிடைத்துவிட்டது, யாரோ குழந்தை விளையாட்டு என்று ஒரு வார்த்தை. அப்போதும் ஊர் வாயில் திருடன் என்று நிற்கப்போவது சாவி வைத்திருந்தவர்தான். கலர் மேடம் அந்தக் கண்ணாடியை முந்தானையில் பொதிந்து எடுத்துக்கொண்டு நடந்தாள்.

எட்டு பத்துக்குச் சோதனைக்கூடத்தில் ஆறு பேர் இருந்தார்கள். விளக்குப் போடவில்லை. கலர் மேடம் இரண்டு ரிப்பன்களை மேசைமேல் வைத்து, சிவப்பு டார்ச்சை அடித்தாள்.

“மேடம், இதுல சிவப்பு எது?”

தலைமையாசிரியை குனிந்தார், நிமிர்ந்தார், மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி குனிந்தார். இரண்டும் வெளுப்பாகத்தான் தெரிந்தன. சிவப்பு வெளிச்சத்தில் சிவப்பும் வெள்ளையும் ஒன்றுதான் என்று கலர் மேடம் சொன்னாள். ஆலையில் அவள் முதல் நாள் கற்றுக்கொண்ட பாடம் அது. நட்சத்திரக்காரர்களுக்கும் தெரியும். அதனால்தான் அவர்கள் இருட்டில் நிறத்தை நம்புவதில்லை, இடத்தை நம்புவார்கள். எதை எங்கே வைத்தோமோ அங்கேயே கை போகும்.

வெளியாள் திருட வந்திருந்தால் வெள்ளை விளக்கைப் போட்டிருப்பான், மைதானமே கத்தியிருக்கும். வந்தது சங்கத்து ஆள். கோடு தயங்காமல் ஜன்னல் பக்கம் போயிருக்கிறது. அப்படியானால் எந்தப் பக்கம் எந்த டப்பா என்று முன்னமே தெரிந்தவர், அதாவது மாலையில் அவற்றை அங்கே வைத்தவர். பேக்கரிக்காரியுடையதை ஜன்னல் பக்கம் வைத்தார். ஆறரைக்கு எறும்பு வந்து, காவலாளி துடைத்து, இடம் மாறிப்போனது அவருக்குத் தெரியாது.

“அப்போ திருடினவர் தப்பான கண்ணாடியை எடுத்துட்டாரா?” என்றார் ஸ்டூடியோக்காரர்.

“ஆமாம். அதை மணல்ல குப்புற வச்சுத் தேய்ச்சிருக்காரு. கெட்டுப்போகணும்னே.”

கலர் மேடம் கணவர் பக்கம் திரும்பினாள்.

“ஒரே ஒரு கேள்விங்க. மிச்சம் இருந்த டப்பாவை நீங்க எடுத்துட்டு வந்தப்போ ரிப்பன் கட்டியபடியேதான் இருந்துச்சு. நிறம் தெரியாது. உள்ள யாரோட கண்ணாடின்னு பார்க்கலை. அப்புறம் எப்படி ‘அவங்க கண்ணாடியைக் காணோம்’னு சொன்னீங்க?”

கலர் மேடம் கையை நீட்டிக் குழல் விளக்கைப் போட்டாள். வெளியே குழந்தைகள் ‘லைட்டை அணைங்க’ என்று கத்தினார்கள். மேசைமேல் ஒரு ரிப்பன் சிவந்து கிடந்தது. பக்கத்தில் அவருடைய கண்ணாடி, முகமெல்லாம் கீறலாக. அவர் அதைத் தொட்டுப் பார்த்தார். ஒரு கீறலை விரலால் கடைசிவரை தடவினார்.

“நான்தான் அவளுக்குத் தேய்க்கவே கத்துக்கொடுத்தேன்” என்றார்.

பேக்கரிக்காரி அவர் பக்கம் திரும்பினாள்.

“என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருந்தா, என் கண்ணாடியை உங்க குழாய்லயே மாட்டிக்குடுத்திருப்பேன், சார். குழந்தைங்க பார்த்தா போதும்னுதானே வந்தோம்.”

அவர் காவலாளியிடம் மன்னிப்புக் கேட்டார். காவலாளி தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டு, ஸ்டூல்களை எண்ணப் போய்விட்டார். தலைமையாசிரியை விளக்கை அணைத்தார். எட்டரைக்குப் பேக்கரிக்காரியின் தொலைநோக்கிக்கு முன்னால் வரிசை நின்றது.

கலர் மேடமும் அந்த வரிசையில் போய் நின்றாள். தன் முறை வந்தபோது கண்ணை வைத்துப் பார்த்தாள். ஸ்டூடியோக்காரர் சொன்னது சரிதான், ஊசிமுனை மாதிரி இருந்தது. அந்த அழகைப் பார்த்ததும் அவளுக்கே ஒரு நிமிஷம் பொசுக்கென்று பொறாமை வந்தது, அவருக்கு எப்படி இருந்திருக்கும் என்றும் புரிந்தது. நகர்ந்து அடுத்த குழந்தைக்கு இடம் விட்டாள்.

காரில் வீடு திரும்பும்போது அவள்தான் ஓட்டினாள். கீறல் விழுந்த கண்ணாடியை மடியில் வைத்துக்கொண்டு அவர் வெளியே பார்த்தபடி வந்தார். அவர் அந்தப் பெண்ணை விரும்பவில்லை என்று தெரிந்தபோது, அந்த மணல் குழியின் ஓரத்திலேயே, அவளுக்கு ஒரு கணம் சந்தோஷமாக இருந்தது. அந்தச் சந்தோஷத்தை நினைத்து இப்போது வெட்கமாக இருந்தது.

பாதி வழியில் அவர் பேசினார்.

“எல்லார் முன்னாடியும் சொல்லணுமா? வீட்ல வச்சுக் கேட்டிருக்கலாமே.”

அவள் சாலையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

“வீட்ல வச்சு நான் வேற ஒண்ணு கேட்கணும்னு ஆறு மாசமா இருந்தேன். ராத்திரி பகலா நீங்க அவளையே நினைச்சிட்டிருக்கீங்கன்னு நினைச்சேன். சரியாத்தான் நினைச்சிருக்கேன்.”